நான் வீங்கியிருந்த வருஷம்

முதலில் வீங்கியது என் முகம்தான். காலையில் கண் திறக்க வராது. இமைகள் உப்பி ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும். விரலால் தூக்கிப் பிடித்தால்தான் கூரை ஓடு தெரியும். மத்தியானத்துக்குள் பாதி வடிந்துவிடும். அந்தப் பாதி முகத்தோடுதான் பள்ளிக்கூடம் போவேன். வகுப்புப் பெண்கள் எனக்குப் 'பன்னு' என்று பெயர் வைத்தார்கள். ரொட்டிக்கடைக் கண்ணாடிக்குப் பின்னால் பளபளவென்று உப்பி உட்கார்ந்திருக்குமே, அந்தப் பன். நான் வாசலில் தெரிந்தவுடனே யாராவது ஒருத்தி, "சூடா இருக்குதா?" என்பாள். மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் இன்னும் பெரிதாகிவிடும் என்று பயம்.

எனக்கு அப்போது பத்து வயது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கி மூன்று நான்கு வருஷம் ஆகியிருந்தது. ஆனாலும் டீச்சரை 'மதாம்' என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கள் வீடு முதலியார்பேட்டையில், மில்லுக்குப் பக்கத்துத் தெருவில். அப்பா மில்லில் தறி ஓட்டினார். அப்பா, அம்மா, என்னைவிட எட்டு வயது மூத்த அக்கா, நான், நடக்கப் பழகிக்கொண்டிருந்த தம்பி. அவ்வளவுதான் வீடு.

முகத்துக்குப் பிறகு கால் வீங்கியது. கொலுசு சதைக்குள் புதைந்து, சுற்றிலும் சிவந்துவிட்டது. கழற்ற வரவில்லை. அம்மா என்னைப் பத்தரிடம் கூட்டிப்போய் வெட்டி எடுக்கச் சொன்னாள். "வளர்ற புள்ள, சட்டுனு சதை வெச்சிடுச்சி" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். பத்தர் கொலுசை வெட்டினார். அவர் கையை எடுத்தபோது, காலைப் பிடித்திருந்த இடத்தில் விரல்கள் அத்தனையும் குழி குழியாகப் பதிந்திருந்தன. அம்மா குனிந்து என் பாவாடையை இழுத்து அந்தக் குழிகளை மூடினாள். வீடு வரும்வரை என் கையை விடவில்லை.

எங்கள் ஊரில் கால் வீங்கினால் அதற்கு ஒரே பெயர்தான். தெருமுனையில் சோடாக்கடை வைத்திருந்தவருக்கு யானைக்கால். மாவு அரைக்கும் வீட்டு அம்மாளுக்கு யானைக்கால். கொசு கடித்துத்தான் வருகிறது என்று சர்க்கார் ஆட்கள் சொன்னார்கள். ராத்திரியில் வீடு வீடாக வந்து விரலில் குத்தி ரத்தம் எடுத்துப்போவார்கள். அவர்கள் தெருவுக்குள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்தால் அம்மா விளக்கை அணைத்துக் கதவைத் தாழ்போட்டுவிடுவாள். ரத்தத்தில் பூச்சி இருப்பது வெளியே தெரிந்துவிட்டால் அந்த வீட்டில் பெண் எடுக்க யார் வருவார்கள்? அக்காவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது.

அம்மா என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினாள். கேட்டவர்களிடம் "காய்ச்சல்" என்றாள். அது பொய் இல்லை. காய்ச்சலும் எனக்கு இருந்தது. ஆனால் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தம் உண்டென்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

காய்ச்சல் மலையடிவாரத்தில் வந்தது. தம்பி வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போக, என்னைக் கல்வராயன் மலைப் பக்கம் மரக் கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்த மாமா வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு வருஷம் அங்கே இருந்தேன். அங்கேதான் முதன்முதலாக அந்தக் குளிர் வந்தது. நல்ல வெயிலில் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ளும். பிறகு உடம்பு கொதிக்கும். பிறகு வியர்த்துக் கொட்டி, துவைத்துப் போட்ட துணி மாதிரிக் கிடப்பேன். இரண்டு நாள் ஒன்றும் இருக்காது. மூன்றாம் நாள் அதே நேரத்துக்கு மறுபடி வரும். மாமா ஏதோ கசப்பு மாத்திரை வாங்கிக் கொடுத்தார். நின்றது. புதுச்சேரிக்குத் திரும்பிய பிறகு சில மாதம் கழித்து மறுபடி வந்தது, போனது, வந்தது. அம்மா அதை முறைக்காய்ச்சல் என்பாள். நிலவேம்பு கொதிக்க வைத்துக் கொடுப்பாள். வீட்டில் ஒரு பூனை இருக்கிற மாதிரி அந்தக் காய்ச்சலும் இருந்தது.

அக்காவுக்குக் கருவடிக்குப்பத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்குத் தபால் ஆபீசில் வேலை. தரகர் நாள் குறித்தபோது அம்மா, எனக்குக் காய்ச்சல் வராத நாளாகப் பார்த்து ஒப்புக்கொண்டாள். ஆனால் மாப்பிள்ளைக்கு அன்று லீவு கிடைக்கவில்லை. மறுநாள் வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். அது எனக்குக் காய்ச்சல் வருகிற நாள். மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

அவர்கள் வருகிற அன்று மத்தியானம் அம்மா என்னைப் பின்கட்டுக்குக் கூட்டிப்போனாள். விறகும் வரட்டியும் அடுக்கிவைக்கிற சின்ன அறை அங்கே இருந்தது. அதில் ஒரு கோணியை விரித்தாள்.

"செத்த நேரம் இங்க இருடி கண்ணு. அவங்க போனதும் வந்து கூட்டிக்கிறேன்."

"எதுக்கும்மா?"

அம்மா கோணியின் சுருக்கத்தை இழுத்துவிட்டாள். தலை வாரிக்கொண்டிருந்த அக்கா உள்ளேயிருந்து, "அது பாட்டுக்கு ஒரு ஓரமா ஒக்காந்திருக்கட்டுமேம்மா" என்றாள்.

"நீ சும்மா இரு. யாருக்காவ செய்றேன் இதெல்லாம்?" என்று அம்மா அங்கே திரும்பிச் சொன்னாள். பிறகு என்னிடம், "இருமாத. என்னா?" என்றாள்.

நான் தலையாட்டினேன். எதற்கு என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மா வாயால் சொல்லட்டும் என்று கேட்டேனோ என்னவோ. கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

வாசலில் பேச்சுக்குரல் கேட்டது. செருப்புகள் கழற்றுகிற சத்தம். காப்பி வாசனை. பிறகு எனக்குக் குளிர் வந்தது. முதுகில் தொடங்கித் தோளுக்கு ஏறியது. கோணியை எடுத்துப் போர்த்திக்கொண்டேன். முழங்காலைக் கட்டிப் பிடித்தேன். வாய்க்குள் பாவாடை ஓரத்தைத் திணித்துக்கொண்டேன், பல் சத்தம் கேட்கக்கூடாதென்று. ஆனால் நான் சாய்ந்திருந்தது பழைய தகர டப்பாக்கள் அடுக்கியிருந்த பலகை. என் உடம்பு ஆட ஆட டப்பாக்கள் கடகடவென்று ஆடின. நகர்ந்து உட்காரலாம் என்று பார்த்தேன். கால் சொன்னபடி கேட்கவில்லை.

கதவு திறந்தது. அம்மா இல்லை. கத்தரிப்பூ நிறத்தில் பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள். கொல்லைப்பக்கம் கை கழுவ வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா என்று பிறகுதான் தெரிந்தது. என்னைக் கண்டதும் திடுக்கிட்டார். பிறகு உள்ளே வந்து, ஒரு விறகுக் கட்டையின் மேல் மெதுவாக உட்கார்ந்தார்.

"யாரும்மா நீ?"

பாவாடை ஓரம் இன்னும் என் வாய்க்குள்ளேயே இருந்தது. நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். கோணியை விலக்கினார். காலைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. கட்டைவிரலால் என் முழங்காலுக்குக் கீழே அழுத்தினார். எடுத்தார். குழி அப்படியே நின்றது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு கதவுப் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்துவிட்டு, தரையில் இழுபட்டுக்கொண்டிருந்த தன் புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினார். அவருடைய இடது கால் பெரிதாக, தோல் தடித்து, பாதத்துக்கு மேல் மடிப்பு விழுந்திருந்தது.

"இங்க அமுக்கு" என்றார்.

விரலால் அழுத்தினேன். மரம் மாதிரி இருந்தது.

"பாத்தியா, குழி வுழல. எனக்கு வந்தது வேற, உனக்கு வந்திருக்கறது வேற. பயப்படாத." புடவையை இறக்கிவிட்டுக்கொண்டார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார். அவருக்குப் பின்னால் தாம்பாளத்தோடு அம்மா. அப்பா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இந்தப் பொண்ணு யாருங்க?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

அப்பா என்னைப் பார்க்காமல் சொன்னார்: "அது... எங்க பொண்ணு இல்லீங்க. ஊர்லேர்ந்து சொந்தக்காரங்க வுட்டுட்டுப் போன புள்ள."

அம்மா கையிலிருந்த தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த அம்மாள் என் முகத்தைப் பார்த்தார், அப்பா முகத்தைப் பார்த்தார். எவ்வளவு வீங்கினாலும் என் மூக்கு அப்பாவின் மூக்குதான். "யாரு புள்ளையா இருந்தாலும் சரி, காலைல பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. மொகமே வீங்கிக் கெடக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனார்.

எனக்கு அப்பாமேல் அப்போது கோபம் வரவில்லை. திருடி மாட்டிக்கொண்டவள் மாதிரிதான் இருந்தது. அவர்கள் எல்லாரும் போன பிறகு அப்பா வந்து என்னைத் தூக்கினார். நான் அவரிடம், "நான் சத்தம் போடலப்பா. டப்பாதான் ஆடிடுச்சி" என்றேன். அவர் என்னைப் பாயில் படுக்க வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிறவர் என் பெயரைக் கேட்டார். தகப்பன் பெயரைக் கேட்டார். அப்பா தன் பெயரைச் சொன்னார். "அது நீங்கதானா?" என்று அவர் கேட்டபோது அப்பா சொன்ன "ஆமாங்க" எனக்கே சரியாகக் கேட்கவில்லை.

டாக்டர் பிரெஞ்சு படித்தவர். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் 'முசே' என்போம். காய்ச்சலைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். எப்போதிலிருந்து, எத்தனை நாளுக்கு ஒரு முறை, எந்த ஊரில் இருந்தாய் என்று. விரலில் குத்தி ரத்தம் எடுத்தார்கள். பிறகு ஒரு புட்டியைக் கொடுத்து மூத்திரம் பிடித்து வரச் சொன்னார்கள். அதைத் தூக்கிக்கொண்டு, பெஞ்சு முழுக்க ஆட்கள் உட்கார்ந்திருந்த நீள வராந்தாவில் நடந்து வந்தேன். பாவாடைக்குள் மறைக்கவும் முடியவில்லை. அது கலங்கலாகவும் கொஞ்சமாகவும் இருந்தது. மேலே நுரை கட்டியிருந்தது.

டாக்டர் அதில் கொஞ்சத்தைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். கொதி வந்ததும் உள்ளே வெள்ளை வெள்ளையாகத் திரண்டது. முட்டையை உடைத்துக் கொதிநீரில் விட்ட மாதிரி. என் உடம்பிலிருந்து இப்படி ஒன்று வருகிறது என்று பார்த்தபோது தலையைக் குனிந்துகொண்டேன்.

"அல்புமின். நிறையப் போகுது" என்றார் டாக்டர்.

அம்மா காதில் அது ஏதோ மீன் பெயராக விழுந்தது. பதறிப்போனாள். "எந்த மீனும் குடுக்கறதில்லையே முசே. காய்ச்சல் வந்துட்டா நான் கவிச்சியே கண்ணுல காட்டறதில்ல."

அங்கே இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார். என்ன என்று தெரியாமல் அம்மாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். வெளியே வந்த பிறகு என்னிடம் ரகசியமாக, "எதுக்குடி சிரிச்சாங்க?" என்று கேட்டாள். எனக்கும் தெரியவில்லை.

டாக்டர் பிறகு பொறுமையாகவே சொன்னார். "ஆட்டுக்கறி வாங்கினா குண்டிக்காய் பாத்திருப்பீங்களேம்மா? மனுஷனுக்கும் அது ரெண்டு இருக்கு. ரத்தத்தை வடிகட்டறது அதோட வேலை. இவளுக்கு வந்திருக்கறது மலேரியா. அதுல மூணு நாளைக்கு ஒரு தடவை வர்ற வகை. ரொம்ப நாள் ரத்தத்துலயே தங்கிடும். பெரியவங்க தாங்கிடுவாங்க. சின்னப் புள்ளைங்களுக்குச் சில பேருக்கு அந்த வடிகட்டியே கெட்டுப்போயிடும். ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து மூத்திரத்துல ஒழுகுது. வெளிய போக வேண்டிய தண்ணி ஒடம்புல நிக்குது. அதான் வீக்கம்."

அம்மா குரலைத் தாழ்த்தி, "அப்ப இது யானைக்கால் இல்லீங்களா?" என்றாள்.

"இல்ல."

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில். உயிருக்கு ஆபத்து உண்டா என்று அவள் கேட்கவே இல்லை. அப்பா கேட்டார். டாக்டர், "இங்கேயே படுக்கட்டும், பாப்போம்" என்று மட்டும் சொன்னார்.

வார்டில் என்னைச் சேர்த்தார்கள். காய்ச்சலுக்கு மாத்திரை, நீர் இறங்க ஊசி. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத சோறு. காய்ச்சல் சீக்கிரமே நின்றுவிட்டது. வீக்கம் நிற்கவில்லை. வயிறும் பெருத்தது. பாவாடை நாடா எட்டவில்லை; அக்கா நாடாவோடு ஒரு துண்டைச் சேர்த்துத் தைத்து அனுப்பினாள். கட்டிலுக்கு அடியில் ஒவ்வொருவருக்கும் ஒரு கண்ணாடிப் புட்டி. ஒரு நாள் முழுக்கப் போகிற மூத்திரத்தை அதில்தான் விட வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்த்த கன்னியாஸ்திரியை எல்லாரும் 'மாசேர்' என்று கூப்பிடுவோம். காலையில் அவர் வந்து ஒவ்வொரு புட்டியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, எவ்வளவு என்று சத்தமாகச் சொல்வார். இன்னொருத்தி எழுதிக்கொள்வாள். வார்டு முழுக்கக் கேட்கும். அந்த நேரத்தில் நான் கண்ணை மூடித் தூங்குகிற மாதிரி படுத்துக்கொள்வேன்.

கருவடிக்குப்பத்திலிருந்து பதில் வந்ததை அம்மாதான் சொன்னாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம்.  "என்னாலயாம்மா?" என்றேன்.

அம்மா கரண்டியை எடுத்தாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டே இருந்தாள். "தரகர்கிட்ட அந்தம்மா சொன்னாங்களாம். ஒடம்பு யாருக்கும் கெடும், அதுக்கு இல்ல. பெத்த புள்ளையவே இல்லன்னு சொல்ற வூட்டுப் பொண்ணு நாளைக்கு எங்க வூட்டுக்கு வந்து, என் கால யாரோட காலுன்னு சொல்லும்னு கேட்டாங்களாம்."

"அக்கா என்னாம்மா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. அப்பாவுக்கு மட்டும் சோறு போட மாட்டேங்குது. நாந்தான் போடறேன்."

இரண்டு நாள் கழித்து அப்பா வந்தார். காலை ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தார். தலைமுடியில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் சாத்துக்குடி. உள்ளே வராமல் வார்டு வாசலிலேயே நின்றார். அவர் எப்போதும் அப்படித்தான், வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவார். மாசேர் அன்றுதான் அவரைக் கவனித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"யார் அது? உன் அப்பாவா?"

"இல்ல மாசேர்" என்றேன். "தெரிஞ்சவங்க."

யோசித்துச் சொல்லவில்லை. வாய் தானாகச் சொன்னது. சத்தமாகவே சொன்னது. மாசேர் அவரிடம் போய், வீட்டு மனிதர்களைத் தவிர மற்றவர்கள் இந்த நேரத்தில் நிற்கக்கூடாது என்றார். அப்பா, "சரிங்க மாசேர்" என்றார். சாத்துக்குடிகளை வாசற்படி ஓரமாக வைத்துவிட்டுத் திரும்பி நடந்தார். அவர் முதுகைப் பார்த்தபோதுதான் எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால், பொய் சொன்னேன் என்று மாசேருக்குத் தெரிந்துவிடும். அதனால் கூப்பிடவில்லை.

பக்கத்துக் கட்டிலில் ஒரு பையன் இருந்தான். ஐந்து வயது இருக்கும். அவனுக்கும் என்னைப் போலவே காய்ச்சல், என்னைப் போலவே வீக்கம். நோணாங்குப்பம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். அவன் அம்மா மீன் விற்கிறவள். அவளும் என் அம்மாவும் ஒரே கதையை மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டு சிநேகமாகிவிட்டார்கள். காலையில் மாசேர் வருவதற்கு முன்பே இரண்டு பேரும் குனிந்து இரண்டு புட்டிகளையும் பார்ப்பார்கள்.

"உங்களுக்கு எவ்ளோ போயிருக்கு?"

"எங்க, அப்படியேதான். உங்களுக்கு?"

"இதுக்கும் அப்படித்தான். அடி நனைஞ்சிருக்கு."

அந்தப் பையன் நல்ல பையன். கண் திறக்க வராதபோதும் என் பக்கம் திரும்பி, "அக்கா, முழிச்சிட்டியா?" என்று கேட்பான். உப்பில்லாத சோற்றைத் தின்ன மாட்டேன் என்று அழுவான். அவன் அம்மா, "கருவாடு மாமி வந்திருக்குது பாரு" என்று வெறும் விரலைச் சோற்றில் தொட்டு ஊட்டுவாள். அவனும் கருவாடு என்றே நினைத்துக்கொண்டு வாங்கிக்கொள்வான்.

மழைக்காலம் தொடங்கியபோது எனக்கு நீர் இறங்க ஆரம்பித்தது. ஒரு காலையில் பார்த்தால் புட்டி பாதிக்குமேல் நிறைந்திருந்தது. மறுநாள் கழுத்துவரை. டாக்டர் என் காலை அமுக்கிப் பார்த்துச் சிரித்தார். அம்மா சாமி கும்பிட்டாள். நான் சந்தோஷப்பட்டேன். அப்புறம் பக்கத்துக் கட்டிலின் கீழே பார்த்தேன். அங்கே அடி நனைந்த அளவுதான்.

அன்றிலிருந்து என் புட்டியை அவன் கட்டில் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கம் நகர்த்தி வைத்தேன். போதாதென்று அதன்மேல் என் துண்டைப் போட்டேன். மாசேர் சத்தமாக அளவைச் சொல்லும்போது, குறைவாக இருந்த நாட்களில் எனக்கு இருந்த வெட்கம் இதற்குமுன் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. பையனின் அம்மா என் அம்மாவிடம் கேட்பதை நிறுத்திவிட்டாள். ஒரு நாள் என் துண்டைத் தானே எடுத்து மடித்துக் கட்டில்மேல் வைத்தாள். "ஏம்மா மூடி வைக்கற? நல்லா போவட்டும். ஒனக்குப் போனா எங்களுக்குந்தான் நம்பிக்க" என்றாள்.

சில நாட்களில் பையனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. திரை கட்டினார்கள். ஒரு மத்தியானம் நான் தூங்கி எழுந்தபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையை வராந்தா வெயிலில் போட்டிருந்தார்கள். அம்மா என்னிடம், "வூட்டுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க" என்றாள். நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்.

தை பிறக்கும் முன்பு என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். வீக்கம் போய் நான் குச்சி மாதிரி ஆகியிருந்தேன். ஆனால் ஒழுகல் முழுசாக நிற்கவில்லை என்றார் டாக்டர். மாதா மாதம் மூத்திரம் கொண்டுவந்து காட்ட வேண்டும், உப்பு குறைவாகத்தான் சேர்க்க வேண்டும். புட்டியைக் கொண்டுபோகிற வேலையை அப்பா எடுத்துக்கொண்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. காலை ஷிப்டுக்குப் போகும்போதே புட்டியைச் செய்தித்தாளில் சுற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொள்வார். வேலை முடிந்ததும் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குச் சைக்கிளில் போவார்.

மில்லிலிருந்து வெளியே வரும்போது கேட்டில் பையைச் சோதனை போடுவார்கள். யாராவது துணி எடுத்துப் போகிறார்களா என்று பார்க்க. ஒரு நாள் புதிதாக வந்த வாட்ச்மேன் அப்பாவின் பையில் புட்டியைக் கண்டுபிடித்தான். சாராயம் என்று நினைத்துவிட்டான். பின்னால் முழு ஷிப்டும் நின்றுகொண்டிருந்தது. புட்டியை உயரத் தூக்கி, "இன்னாய்யா இது?" என்று கத்தினான்.

அப்பா அதைவிடச் சத்தமாகச் சொன்னாராம்: "மூத்திரம். எம் பொண்ணோட மூத்திரம். என் சின்னப் பொண்ணு. அவளுக்கு ஒடம்பு சரியில்ல, ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறேன். கீழ போட்டுடாத, குடு."

எங்கள் தெரு முழுக்க மில் வேலைக்காரர்கள். சாயங்காலத்துக்குள் விஷயம் தெருவுக்கு வந்துவிட்டது. நான் மறுபடி பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்த நேரம். மறுநாள் வகுப்பில் ஒருத்தி மூக்கைப் பிடித்துக் காட்டினாள். பன்னு என்ற பெயரே தேவலை என்று ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சண்டை போட்டேன்.

"எதுக்குப்பா அத்தினி பேர் நடுவுல சொன்னீங்க? மருந்துன்னு சொல்லக்கூடாதா?"

அப்பா சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வாயில வந்திடுச்சி" என்றார். சக்கரத்தைத் துடைக்கக் குனிந்துவிட்டார்.

எத்தனையோ நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். அவர் சொன்னதில் மூத்திரம் என்ற சொல் மட்டும்தான் அப்போது என் காதில் விழுந்தது. மற்றச் சொற்களைக் கேட்க எனக்கு இன்னும் கொஞ்சம் வயதாக வேண்டியிருந்தது. அக்காவின் காதில் அவை விழுந்திருக்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி அவள்தான் அப்பாவுக்குச் சோறு போட்டாள். அடுத்த வருஷம் கடலூரில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். பெண் பார்க்க வந்தபோது அப்பா என்னை அழைத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். எல்லாரும் என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. எப்போது எழுந்து உள்ளே போகலாம் என்று காத்திருந்தேன்.

விறகு அறையில் சொன்னதைப் பற்றி அப்பா என்னிடம் பேசியதே இல்லை. வார்டில் சொன்னதைப் பற்றி நானும் அவரிடம் பேசியதில்லை.

எனக்குப் பன்னிரண்டு முடிந்து பதின்மூன்று நடக்கும்போது, ஒருநாள் அப்பா என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் குழாயை விளக்கில் காட்டினார். கொதித்தது. ஒன்றும் திரளவில்லை. தண்ணீர் மாதிரி நின்றது.

"சுத்தமா இருக்கு. இனிமே கொண்டாற வேணாம்" என்றார்.

"இன்னொரு தடவ காச்சிப் பாருங்க முசே" என்றார் அப்பா. டாக்டர் பார்த்தார். அதுவும் தெளிவாகவே இருந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் இப்படி ஆவதில்லை என்று டாக்டர் பிரெஞ்சும் தமிழுமாகச் சொன்னார். எனக்குத் தெரியும்.

அன்று அப்பா, நல்ல மீனாக வாங்கிக்கொண்டு போவோம் என்று பெரிய மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போனார். மீன் விற்கிற வரிசையில் பாதி தூரம் போயிருப்போம். அங்கே அவள் உட்கார்ந்திருந்தாள், அந்தப் பையனின் அம்மா. நான் அப்பாவின் முதுகுக்குப் பின்னால் நகர்ந்தேன். என் கால் மெலிந்திருந்தது, கன்னம் ஒட்டியிருந்தது, நான் உயரமாகியிருந்தேன். அடையாளம் தெரியாது என்று நினைத்தேன். அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"நீதான? பக்கத்துக் கட்டில் பொண்ணு?"

தலையாட்டினேன். அவள் கையைத் தண்ணீரில் அலசிக்கொண்டாள். என்னைக் கிட்டே கூப்பிட்டாள். குனிந்து என் காலைப் பார்த்தாள், பிறகு முகத்தைப் பார்த்தாள். அப்பா அவளை யார் என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

"உப்பு போட்டுச் சாப்பிடறியா இப்ப?"

சாப்பிடலாம் என்று அன்று காலையில்தான் டாக்டர் சொல்லியிருந்தார். எனக்கு அதைச் சொல்ல வாய் வரவில்லை. "கொஞ்சமா" என்றேன்.

அவள் தட்டில் இருந்ததையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து இரண்டு வஞ்சிரத் துண்டுகளை எடுத்து இலையில் கட்டி என் கையில் கொடுத்தாள். அப்பா காசை நீட்டினார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. அடுத்தாற்போல் நின்றிருந்த ஆளிடம், "உனக்கு என்னாய்யா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.